கதவோரத்து நாற்காலி: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், சத்துணவுக் கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடும் அக்காமார்களுக்கும்

வணக்கம்.

நான் திருச்சிப் பக்கம் இருக்கிறேன். தையல் வேலை. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் போட்டிருக்கும் சீருடையில் ஒன்றிரண்டு என் மெஷினில் ஓடியதாகக்கூட இருக்கலாம். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவளுக்குக் கரப்பான் என்ற அரிப்புத் தோல்நோய் வந்துவிட்டது. டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள், சீட்டில் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதுவார்கள்.

போன ஆகஸ்ட் மாதம் ஒருநாள் சாயங்காலம், பை கழற்றுவதற்கு முன்னாலேயே, "அம்மா, கிளாஸ்ல எனக்கு மட்டும் நாற்காலி!" என்று ஓடி வந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்க, இவளுக்கு மட்டும் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. லீடர் ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். நான்காவது நாள் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி கிரீம் தடவும்போது, "இது தொட்டா ஒட்டிக்குமாம்மா?" என்று கேட்டாள்.

விசாரித்துப் பார்த்தேன். வேறொரு பிள்ளையின் வீட்டில் இருந்து வந்து, "அந்தப் பொண்ணுக்குக் கையெல்லாம் சொறியா இருக்கு, எங்க புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் பிரச்சினை வேண்டாம் என்று நாற்காலியைப் போட்டுவிட்டார். அவர் நல்ல டீச்சர். என் மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் சண்டை போடாமல் கடிதம் எழுதுகிறேன். இப்படி ஒரு நாற்காலி பல பள்ளிக்கூடங்களில் கதவோரம் கிடக்கிறது என்பதை, தோல் டாக்டரைப் பார்க்க வரிசையில் காத்திருக்கும்போது மற்ற அம்மாக்கள் பேசிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கரப்பான் ஒட்டுவாரொட்டி கிடையாது. கையைப் பிடித்தால் ஒட்டாது, ஒரே பாயில் உட்கார்ந்தால் ஒட்டாது, ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தாலும் ஒட்டாது. என் மகளோடு ஒரே போர்வையில் எட்டு வருடமாகப் படுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சிரங்கு ஒட்டும், படர்தாமரை ஒட்டும். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எது எது என்று நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சிரங்கு விரலிடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றி வரும். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கும். படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து வரும். கரப்பான் பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மடிப்பில் வரும்: முழங்கை உள்பக்கம், முழங்காலுக்குப் பின்னால், கழுத்து, கணுக்கால். குறையும், மறுபடி வரும். சந்தேகமாக இருந்தால் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வாங்கம்மா" என்று கேளுங்கள். மறுநாளே கொண்டுவந்து தருவோம். அதற்கு முன்னால் பிள்ளையை இடம் மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று, நிறம். கரப்பான் என்றால் சிவப்பாக இருக்கும் என்று படங்களில் காட்டுவார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் பிள்ளைகளின் மாநிறத்தில், கறுப்பில், அது சிவப்பாகத் தெரியாது. கருத்து, சாம்பல் பூத்து, சில சமயம் ஊதா படிந்தாற்போல இருக்கும். கண்ணால் பார்ப்பதைவிடத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். சொரசொரவென்று தடித்துப் போயிருக்கும். ஆறிய இடத்தில் வெளிறிய திட்டு நிற்கும். அதைப் பார்த்து வெண்குஷ்டம் என்றும், வயிற்றில் பூச்சி என்றும் என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. கரப்பான் அடங்கியே இருந்தால் அந்த நிறம் சில மாதங்களில் தானாகத் திரும்பும்.

ஏன் வருகிறது என்று டாக்டர் எனக்கு விளக்கியபோது நான் துணியை வைத்துப் புரிந்துகொண்டேன். தறியில் இழை விட்டுப்போன துணி இருக்கும் பாருங்கள், கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் அங்கங்கே ஓட்டையாகத் தெரியும். அப்படித்தான் இந்தப் பிள்ளைகளின் தோல். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும். வெளியே இருக்கும் தூசி, சோப்பு, வியர்வை எல்லாம் உள்ளே போய் உறுத்தும். தோலை நெருக்கமாக வைத்திருக்க ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணுவில் பழுது இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடும் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 2006இல் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது மட்டுமே காரணம் என்றில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு நிம்மதி தந்தது. குளிப்பாட்டாமல் வைத்திருந்ததால் வந்ததில்லை, நான் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்ததில்லை. "சுத்தமா வெச்சிருந்தா ஏன் வருது?" என்ற கேள்வியை எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்களாவது அதை எங்களிடம் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டு ராத்திரி எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கரப்பான் பகலைவிட ராத்திரியில் அதிகம் அரிக்கும். ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். உப்புத்தாளைச் சுவரில் தேய்த்தால் கேட்குமே, அந்தச் சத்தம். கண் மூடியபடியே முழங்காலுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருப்பாள். எழுப்பினால் அழுவாள், விட்டால் ரத்தம் வரும். இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துக்கொண்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். காலையில் தலையணை உறையில் மிளகு மிளகாக ரத்தப் புள்ளி. அப்படி மூன்று ராத்திரி போன பிறகுதான் அவள் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்கிறாள். வாய்ப்பாடு சொல்லும்போது கண் சொருகுகிறது என்றால், கவனமில்லை என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுவதற்கு முன், "ராத்திரி தூங்கினாயாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாதி நாளை அவள் உங்களிடம் கழிக்கிறாள். நாங்கள் காலையில் செய்வது மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிறது.

ஆரம்பத்தில் நான் எல்லாம் தப்பாகத்தான் செய்தேன். நலங்குமாவு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன், வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றினேன், டெட்டால் கலந்தேன். புண்பட்ட தோலில் அதெல்லாம் பட்டு அவள் வீறிட்டு அழுதது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்புறம் மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் பளிச்சென்று போய்விட்டது. நிறுத்தினேன், முன்னைவிட மோசமாக வந்தது. மறுபடி போட்டேன். இப்படி நான்கு மாதம், கன்னத்திலும் சேர்த்து. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அந்த டியூப்பைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என்று மூன்றும் கலந்த மருந்து அது. கன்னத்தில் தோல் மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியே கொண்டு வந்திருக்கிறது. நான் கேட்டேன், கொடுத்தார்கள். எந்தப் பெற்றோராவது உங்களிடம் வந்து "எந்த ஆயின்மென்ட் நல்லது டீச்சர்?" என்று கேட்டால், டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்று பயந்து ஓடுவதும் சரியில்லை. அதையும் செய்து பார்த்துவிட்டேன். ஆறு மாதம் எதுவுமே போடாமல் இருந்து, பிள்ளை பட்ட பாடுதான் மிச்சம். டாக்டர் தோலுக்கும் இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ற வீரியத்தில், இத்தனை நாள் என்று சொல்லித் தரும்போது அது நல்ல மருந்து. அளவுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் கோடு வரைக்கும் டியூப்பைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். இதைச் சொல்லித் தந்த பிறகுதான் எனக்குக் கை நடுங்காமல் மருந்து போட வந்தது.

மருந்தைவிட முக்கியம் ஈரம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல். தேய்க்காமல் பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, மேலில் ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க மாய்ஸ்சரைசர். எவ்வளவு தடவ வேண்டும் தெரியுமா? இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு வகுத்திருக்கும் வழிகாட்டுதலில், இப்படிப்பட்ட குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் என்று இருக்கிறது. நான் 30 கிராம் டியூப்பை ஒரு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தேன்! விலை உயர்ந்தது கட்டாயம் இல்லை. வாசனை சேர்க்காத வெள்ளை வாசலின் போதும் என்று டாக்டர் சொன்னார். நம்ம ஊர்த் தேங்காய் எண்ணெயும் சும்மா இல்லை. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு எட்டு வாரம் விர்ஜின் தேங்காய் எண்ணெய் (சுத்திகரிக்காதது) தடவிப் பார்த்து, மினரல் ஆயிலைவிட அது நன்றாகக் கேட்டது என்று 2014இல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வாசலினில் இருக்கும் பாரஃபினும் எண்ணெயும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போதும், பள்ளி விழாவில் குத்துவிளக்கேற்றும்போதும் இந்தப் பிள்ளைகளை நெருப்பில் இருந்து ஓர் எட்டு தள்ளி நிறுத்துங்கள். தள்ளி நிறுத்த வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

சரி, பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். நான் கேட்பது ஐந்து நிமிடம். மத்தியானம் கை கழுவி, விளையாடி முடித்து வரும்போது அவள் வியர்த்திருப்பாள். கரப்பான் உள்ள பிள்ளைக்கு வியர்வைதான் பெரிய எதிரி, அதிலும் நம்ம ஊர் வெயிலில். அந்த நேரத்தில் குழாயடியில் கழுத்தையும் முழங்கை மடிப்பையும் வெறும் தண்ணீரில் அலசி, ஒற்றி எடுத்து, பையில் இருக்கும் டப்பாவில் இருந்து அவளே தடவிக்கொள்வாள். நீங்கள் தடவ வேண்டாம். "போய்த் தடவிக்கிட்டு வா" என்று சொன்னால் போதும். எல்லாருக்கும் நடுவில் தடவக் கூச்சப்படுகிறாள். ஒரு மறைவு இருந்தால் நல்லது. வியர்க்கிறது என்பதற்காக விளையாட்டில் இருந்து நிறுத்திவிடாதீர்கள். கோ கோவில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை.

அவளை உட்கார வைக்கும் இடம் மின்விசிறிக்குக் கீழே, ஜன்னல் வெயில் படாமல், சாக்பீஸ் தூள் விழாமல் இருந்தால் பாதி அரிப்பு குறையும்.

"சொறியாதே" என்று சொல்லாதீர்கள். அவளால் முடிந்தால் சொறியவே மாட்டாள். திட்டினால் பதற்றத்தில் இன்னும் அரிக்கும், அப்புறம் மேஜைக்கு அடியில் கையை ஒளித்துச் சொறிவாள். கைக்கு வேலை கொடுங்கள். நோட்டுகளை வாங்கி வரச் சொல்லுங்கள், படம் வரையச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அரிக்கும் இடத்தில் வைத்து அழுத்திக்கொள்ள விடுங்கள். சானிடைசர் வேண்டாம், எரியும். தண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் போதும்.

சீருடையைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது? டெரிகாட்டன் துணியில் பாலியஸ்டர் அதிகம்; வியர்வையை உறிஞ்சாது, உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். காலருக்குள் வைக்கும் விறைப்பான கேன்வாஸ் கழுத்து மடிப்பில் சரியாக அறுக்கும் இடத்தில் உட்காரும். இடுப்பு எலாஸ்டிக், சாக்ஸின் மேல்பட்டி, ஐடி கார்டின் நைலான் நாடா, இவை மூன்றும் படும் இடத்தில் என் மகளுக்குக் கோடு போட்டாற்போலத் தடித்திருக்கும். நான் காலரைப் பிரித்துக் கேன்வாஸை எடுத்துவிட்டேன். உள்பக்கம் மல் துணி கொடுத்துத் தைத்திருக்கிறேன், லேபிளை இழை இழையாகப் பிரித்து எடுத்துவிட்டேன். காலர் விறைப்பாக நிற்கவில்லை என்று பிரேயரில் அவளை வெளியே நிறுத்தினார்கள். அதே நிறத்தில் முழுப் பருத்தித் துணி போட்டு வந்தால், நாடா இல்லாமல் கார்டைப் பாக்கெட்டில் வைத்தால், சாக்ஸ் இல்லாமல் செருப்புப் போட்டு வந்தால் விட்டுவிடுங்கள். புதுச் சீருடை கொடுக்கும் நாளில், இரண்டு முறை அலசிவிட்டுப் போடச் சொல்லுங்கள். புதுத்துணிக் கஞ்சியில் எத்தனையோ சேர்ந்திருக்கும்.

சத்துணவு அக்காமார்களே, உங்களிடம் ஒன்று. வாரம் ஐந்து நாளும் முட்டை போடுகிறீர்கள். என் மகளுக்கு மட்டும் ஒரு டெர்ம் முழுக்க முட்டை போடவில்லை. கேட்டால், "கரப்பான் பண்டம்மா, நல்லதுக்குத்தான் நிறுத்தினேன்" என்றார் அந்த அக்கா. அன்பில் செய்தது, கோபப்பட முடியவில்லை. என் மாமியாரும் அப்படித்தான். கத்தரிக்காய், கருவாடு, கம்பு, வாழைக்காய் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் பிள்ளை ரசம் சாதத்தில் வந்து நின்றாள். எடை இறங்கியது, கரப்பான் அப்படியே இருந்தது. சில பிள்ளைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கும், உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், வாந்தி வரும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் எழுதித் தருவார். அப்படி எதுவும் எழுதி வராத பிள்ளைக்கு முட்டையைக் கொடுங்கள் அக்கா. இராத்திரி தூங்காத உடம்பு, அதற்குச் சத்து வேண்டும்.

எங்களை உடனே போனில் கூப்பிட வேண்டிய நேரமும் உண்டு. புண்ணில் மஞ்சளாகப் பொருக்கு கட்டி நீர் வடிந்தால், சீழ் வைத்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கரப்பான் உள்ள இடத்தில் ஒரே அளவில் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பி, வலி எடுத்து, காய்ச்சலும் வந்தால் அது வாயோரம் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ் பரவியதாக இருக்கலாம். அது அவசரம். பள்ளி விடும்வரை காத்திருக்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இளைப்பும் (ஆஸ்துமா) சேர்ந்து வரும், அதையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழு இருக்கிறதே, ஆர்.பி.எஸ்.கே. என்கிறோமே, 2013இல் தொடங்கிய திட்டம், அதில் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகள், நோய்களின் பட்டியலில் சிரங்கு, பூஞ்சைத் தொற்றோடு எக்ஸிமாவும் இருக்கிறது. பல், கண், எடையோடு முடித்துவிடாமல், "இந்தப் பிள்ளையின் தோலையும் பாருங்கள்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், எது ஒட்டும் எது ஒட்டாது என்று அந்த இடத்திலேயே டாக்டர் வாயால் தெரிந்துவிடும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை மேல்சிகிச்சைக்குப் போகவும் வழி கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தாலும் வந்து பேசுகிறேன். புகார் சொன்ன அந்தப் பிள்ளையின் அம்மாவும் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பிள்ளையை நினைத்து அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

கரப்பான் உள்ள பிள்ளைகள் நிறையப் பேருக்கு வளர வளரக் குறைந்துவிடும் என்கிறார் டாக்டர். என் மகளுக்கும் குறையலாம். ஆனால் "சொறி" என்று பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்துவிட்ட பெயர் தோலைப் போல ஆறுமா என்று தெரியவில்லை. நாற்காலி போட்ட பிறகுதான் அந்தப் பெயரே வந்தது. நீங்கள் தள்ளி வைத்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர்களும் தள்ளி வைத்தார்கள்.

அதே கண்கள்தான் நீங்கள் செய்யும் அடுத்ததையும் பார்க்கப்போகின்றன. திங்கட்கிழமை காலையில் நாற்காலியை எடுத்துவிட்டு, எல்லாரையும் கை கோத்து வட்டமாக நிற்கச் சொல்லுங்கள் டீச்சர். என் மகளின் கையை முதலில் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சொரசொரவென்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா,
திருச்சி